படத்துக்குள் எழுத்து: கோட்டுப்படங்கள் அச்சுக்கட்டளையான வரலாறு

வெக்டர் படத்தை அச்சுக்கோப்புக் கட்டளைகளாக மாற்றித் தரும் கட்டளைவரிக் கருவிகள் 1980களின் பிற்பாதியில் தோன்றின. திரையில் சுட்டியால் வரைந்த கோடு, வட்டம், அம்புக்குறி ஆகியவற்றை ஒரு கோப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, ‘இந்த இடத்தில் வை, இவ்வளவு தூரம் இழு’ என்று டெக், லாடெக் போன்ற அச்சுக்கோப்பு மென்பொருள்கள் புரிந்துகொள்ளும் வரிகளாக இன்னொரு கோப்பில் எழுதிவைப்பதே அவற்றின் வேலை. படத்தைப் படமாகவே பக்கத்தில் ஒட்டிவிட்டால் போயிற்று, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்கத் தோன்றும். விடை கோடுகளில் இல்லை. படத்துக்குள் வரும் எழுத்துகளில் இருக்கிறது.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சகங்களில் படம் என்றால் பிளாக். ஓவியர் மசியால் வரைந்ததைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்து, அந்தத் தகட்டை மரக்கட்டையில் ஆணியடித்துத் தருவார் பிளாக் மேக்கர். கட்டையும் தகடும் சேர்ந்து அச்செழுத்தின் உயரமான 0.918 அங்குலத்துக்கு வரவேண்டும். குறைந்தால் படம் மங்கும். கூடினால் காகிதம் கிழியும். கம்போசிட்டர் அதை எழுத்துகளோடு சேர்த்து ஃபாரத்தில் முடுக்கிவிடுவார். வடிவியல் புத்தகத்தின் முக்கோணத்தில் முனைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டிருந்தால், படத்தில் உள்ள ‘அ’ ஓவியரின் கையெழுத்து. கீழே நிரூபணத்தில் வரும் ‘அ’ அச்சு வார்ப்பகத்தின் எழுத்து. இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. புரூஃபில் பிழை கண்டால் வரியில் ஓர் எழுத்தைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். பிளாக்கில் ஓர் எழுத்து தவறினால் புதிய பிளாக்தான் செய்யவேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவகாசியின் அச்சுத்தொழில் வேறு வழியில் வளர்ந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்றுத் திரும்பியது 1923ஐ ஒட்டிய காலம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ அச்சு வேண்டும். லித்தோவில் எழுத்தும் படமும் ஒரே பரப்பில், ஒரே ஓவியரின் கையால் வருபவை. கம்பெனிப் பெயரும் புலியின் மீசையும் ஒரே மசியில் எழுதப்பட்டன. புத்தக அச்சகம் எழுத்தையும் படத்தையும் பிரித்து வைத்தது. சிவகாசி இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது. இந்த வேறுபாடு கணினி வந்த பிறகும் மறையவில்லை.

டொனால்ட் நுத் 1977இல் டெக் மென்பொருளை எழுதத் தொடங்கியபோது படங்கள் அவர் கணக்கிலேயே இல்லை. தம் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி மறுபதிப்பின் புரூஃபைப் பார்த்து, கணிதச் சமன்பாடுகள் அழகாக வரவில்லை என்று மனம் வெறுத்துத்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். டெக் வெளியிட்ட டிவிஐ கோப்புக்குத் தெரிந்தவை இரண்டே பொருள்கள்: எழுத்து, கறுப்புச் செவ்வகம். கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் மெல்லிய செவ்வகங்கள்தான் என்பதால் அட்டவணை போடலாம். சாய்கோடு போட முடியாது. லெஸ்லி லாம்போர்ட் 1980களின் நடுவில் லாடெக்கை உருவாக்கியபோது இதற்கு ஒரு தந்திரம் செய்தார். சாய்கோட்டின் சிறு துண்டுகளையும் வட்டத்தின் கால்பகுதிகளையும் எழுத்துருவில் எழுத்துகளாகவே வார்த்துவைத்தார். துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் கோடு வந்துவிடும். அதாவது, லாடெக்கின் படம் என்பது சில விசித்திர எழுத்துகளைக் கோத்த ஒரு வரி.

தந்திரத்துக்கு விலை இருந்தது. கோட்டின் சாய்வை −6 முதல் 6 வரையிலான முழு எண்களின் விகிதத்தில்தான் சொல்லலாம். அம்புக்குறி என்றால் 4 வரைதான். பொதுக்காரணி இல்லாத சோடிகளை எண்ணிப் பார்த்தால், கிடைக்கோட்டுக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் நடுவே கோட்டுக்கு 23 சாய்வுகள், அம்புக்கு 11 சாய்வுகள் மட்டுமே தேறும். வட்டத்தின் விட்டம் 40 புள்ளியைத் தாண்டக்கூடாது. அது 14 மில்லிமீட்டர். பள்ளிப் பாடத்தின் முதல் உருவமான சமபக்க முக்கோணத்தையே இதில் சரியாக வரைய வழியில்லை. 60 பாகைச் சாய்வுக்கு மிக நெருங்கி வருவது 5:3. அது 59 பாகை சொச்சம். அடிப்பக்கம் 10 செ.மீ. என்றால் உயரம் 86.6 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், கிடைப்பது 83.3. மூன்று பக்கமும் சமமாக இருந்த முக்கோணம், அச்சில் இருசமபக்க முக்கோணமாகிவிடும்.

பெல் ஆய்வகத்தில் பிரயன் கெர்னிகன் 1982இல் வெளியிட்ட பிக் மொழி, ‘பெட்டி, அம்பு, பெட்டி’ என்று சொல்லியே படம் வரையவைத்தது. அது ட்ராஃப் என்ற யுனிக்ஸ் அச்சுக்கோப்பியைச் சேர்ந்தது. அதை டெக் பக்கம் கொண்டுவந்த டிபிக், அச்சுப்பொறியின் இயக்கிக்கு நேரே சொல்லும் தனிக்குறிப்புகளை டிவிஐ கோப்புக்குள் நுழைத்தது. ஸ்டோனி புரூக்கில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுனில் போதார் 1986இல் எபிக் என்ற கட்டளைத் தொகுப்பை எழுதினார். புள்ளிகளின் ஆயங்களை வரிசையாகக் கொடுத்தால் அவற்றை இணைக்கும் கோட்டை அது போட்டது. ஆயங்கள் தனிக்கோப்பில் இருந்தாலும் படித்துக்கொண்டது. கான்ராட் குவாக்கின் ஈஎபிக், அந்தக் கட்டளைகளை டிபிக் குறிப்புகளாக மாற்றி எந்தச் சாய்வும் எந்த வட்டமும் வரும்படி செய்தது. சிகாகோவின் மைக்கேல் விச்சூரா எழுதிய பிக்டெக், வளைகோட்டை நெருக்கமான புள்ளிகளாக ஒவ்வொன்றாக வைத்து வரைந்தது. அது எந்த அச்சுப்பொறியிலும் வேலைசெய்தது. ஆனால் அன்றைய கணினிகளின் நினைவகத்தை ஒரே படத்தில் தீர்த்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் ஆயங்களை மனிதர்தான் எழுதவேண்டியிருந்தது. வரைபடத்தாளில் படத்தைப் போட்டு, கட்டம் எண்ணி, எண்களைத் தட்டச்சு செய்து, அச்செடுத்துப் பார்த்துத் திருத்தும் வேலை அது. சுட்டியால் வரைந்தால் எண்களைக் கணினியே எழுதிக்கொள்ளட்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வந்தது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தாய்லாந்துக்காரரான சுபோஜ் சுதந்தவிபுல் 1985இல் எழுதிய ஃபிக் என்ற வரைமென்பொருள், எக்ஸ் சாளர முறைக்கு மாறி எக்ஸ்ஃபிக் ஆயிற்று. பின்னர் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் பிரயன் ஸ்மித் அதைப் பல ஆண்டுகள் பராமரித்தார். மைக்கா பெக் உருவாக்கிய டிரான்ஸ்ஃபிக் தொகுப்பு அதன் கோப்புகளை மொழிமாற்றியது. அந்தத் தொகுப்பின் மையக் கருவிதான் ஃபிக்-டு-டெவ். கட்டளைவரியில் அதன் பெயர், எந்த மொழிக்கு மாற்றவேண்டும் என்பது, உள்ளே வரும் கோப்பு, வெளியே போகும் கோப்பு ஆகியவற்றைத் தட்டினால் போதும். சாதா லாடெக், எபிக், ஈஎபிக், பிக்டெக், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று ஒரே படத்தைப் பல மொழிகளில் அது எழுதித்தரும்.

ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்தால் கருவியின் வேலை கண்ணில் படும். முழுவதும் எண்கள். வரியின் முதல் எண் பொருளைச் சொல்லும்: 1 என்றால் நீள்வட்டம், 2 என்றால் பல்கோடு, 3 என்றால் வளைகோடு, 4 என்றால் எழுத்து, 5 என்றால் வட்டவில். அளவு, அங்குலத்துக்கு 1200 அலகு. தொடக்கப்புள்ளி இடது மேல் மூலை. எண் கூடக்கூடக் கீழே இறங்கும். லாடெக்கிலோ தொடக்கப்புள்ளி இடது கீழ் மூலை. எண் கூடினால் மேலே ஏறும். ஆகவே கருவி முதலில் செங்குத்து எண்களின் குறியை மாற்றிப் படத்தைத் தலைகீழாக்கவேண்டும். பிறகு அலகு. டெக்கின் ஓர் அங்குலம் 72.27 புள்ளி, ஒரு புள்ளி 65,536 நுண்புள்ளி. அதை 1200ஆல் வகுத்தால் 3947 வரும். ஃபிக்-டு-டெவ் எழுதிய லாடெக் கோப்புகளின் தலைப்பில் அலகு நீளமாகப் பெரும்பாலும் இந்த 3947 இருக்கும்; யாரோ கையால் எழுதிய கோப்பா, கருவி எழுதியதா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை. அடுத்தது சாய்வு. லாடெக் ஏற்காத சாய்வு வந்தால் ஏற்கும் சாய்வுகளில் நெருங்கியதற்குத் தள்ளவேண்டும். இந்தத் தள்ளலுக்கு அஞ்சியே, லாடெக் அனுமதிக்கும் சாய்வுகளில் மட்டும் கோடு இழுக்கவிடும் ஒரு முறையை எக்ஸ்ஃபிக்கில் வைத்திருந்தார்கள். வரைபவரின் கையையே மொழியின் குறைக்கு ஏற்றபடி கட்டிப்போட்ட ஏற்பாடு அது.

எழுத்துக்கு ஒரு தனிக்கொடி இருந்தது. படத்துக்குள் தட்டிய சொல்லுக்கு ‘ஸ்பெஷல்’ என்ற கொடியை ஏற்றினால், கருவி அதைத் தொடாமல் அப்படியே லாடெக்கிடம் ஒப்படைத்துவிடும். ஆல்ஃபா, வர்க்கமூலம், பின்னம் எதுவானாலும் புத்தகத்தின் எழுத்துருவிலேயே, புத்தகத்தின் அளவிலேயே படத்துக்குள் வந்து உட்காரும். கொடியை ஏற்ற மறந்தால், கணிதக் கட்டளையின் டாலர் குறியும் பின்சாய்கோடும் அச்சில் பல்லிளிக்கும். பிளாக் காலத்தில் ஓவியரின் ‘அ’வும் கம்போசிட்டரின் ‘அ’வும் வேறுவேறாக நின்ற நிலை இந்தக் கொடியில்தான் முடிவுக்கு வந்தது.

கருவியின் மிகச் சிறந்த யோசனை இதற்குப் பிறகு வந்தது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984இல் வெளியானபின் கோடு, வளைவு, நிறம் எதற்கும் கட்டுப்பாடு இல்லாமல் போயிற்று. ஆனால் முழுப்படத்தையும் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றினால் எழுத்தும் அதில் சிக்கிக்கொள்ளும். ஃபிக்-டு-டெவ் படத்தை இரண்டாகப் பிளந்தது. கோடுகள் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பில். எழுத்துகள் மட்டும் ஒரு லாடெக் கோப்பில். லாடெக் முதலில் படத்தை வைத்து, அதன்மேல் எழுத்துகளை உரிய இடங்களில் பதிக்கும். எந்த வேலையை எந்த மென்பொருள் நன்றாகச் செய்யுமோ அதனிடம் அதை விடுவது என்ற முடிவு எளிமையானது; அதனால்தான் நிலைத்தது.

படத்தைக் கட்டளைகளின் வரிசையாகப் பார்க்கும் சிந்தனைக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு வேர் உண்டு. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலங்களுக்கு இலக்கணம் வகுத்த ஆய்வுக்கட்டுரை 1974இல் வெளிவந்தது. புள்ளிக்கோலத்தின் அமைப்பை மாற்றுவிதிகளால் தோற்றுவிக்கலாம் என்று அது காட்டியது. பின்னர் 1980களில், கம்பிக்கோலத்தை இழுக்கும் கை செய்யும் அசைவுகளை நேரே போ, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் சுழி என்பன போன்ற சில அடிப்படை நகர்வுகளாகப் பிரித்து எழுதினார்கள். பெரிய கோலம்கூட ஒரே சரமாக, எழுத்துகளின் ஒற்றை வரியாக எழுதப்பட்டது. கணினி வரைகலை ஆய்வாளர்கள் இந்தச் சரங்களை எடுத்துக்கொண்டு திரையில் கோலம் வரைந்தார்கள். அச்சுக்கோப்பு உலகத்தில் பிக்கும் ஃபிக்கும் பட்ட பாட்டைக் கோலம் படவில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு: கோலத்துக்குள் எழுத்து கிடையாது.

வெளிநாட்டு ஆய்விதழ்களின் அச்சுக்கோப்பு வேலை தென்னிந்தியாவுக்கு வந்தபோது இந்தக் கருவிகள் ஒரு தொழிலின் பகுதியாயின. சென்னையில் பல நிறுவனங்கள், புதுச்சேரியில் 1994இல் தொடங்கிய இன்டெக்ரா, திருவனந்தபுரத்தில் சி. வி. ராதாகிருஷ்ணன் நடத்திய ரிவர் வேலி என்று ஒரு வரிசை எழுந்தது. டெக் பயன்படுத்துவோரின் இந்தியச் சங்கம் 1998இல் திருவனந்தபுரத்தை மையமாகக்கொண்டு தொடங்கியது. உலக டெக் பயனர் மாநாடு 2002இல் அந்நகரில் கூடியது. கட்டுரை எழுதுபவர் படத்தை எந்த வடிவத்தில் அனுப்பினாலும் இதழின் எழுத்துருவில், இதழின் அளவில் லேபிள்கள் வரவேண்டும் என்பது பதிப்பாளர்களின் நிபந்தனை. அதற்காகவே ஆர்ட்வொர்க் பிரிவுகள் இருந்தன. அங்கு படத்தைப் புதிதாக வரைவதைவிட எழுத்தைப் புதிதாக வைப்பதே அன்றாடப் பாடு. ஃபிக் போன்ற உரைக்கோப்பில் வந்த படங்களை மாற்றியில் போட்டு எடுத்துவிடலாம். எழுத்தை வளைகோடுகளாக்கி, அதாவது ‘கர்வ்’ செய்து அனுப்பியவற்றில் ஒவ்வொரு லேபிளையும் அழித்து மறுபடி தட்டவேண்டும்.

இலக்கு மொழிகள் இதற்கிடையே வளம் பெற்றன. நுத்தின் மாணவரான ஜான் ஹாபி, எழுத்துரு வரையும் மெட்டாஃபான்ட்டை அடியொற்றிப் படம் வரையும் மெட்டாபோஸ்ட்டை எழுதினார். திமோதி வான் சாண்ட்டின் பிஎஸ்ட்ரிக்ஸ் 1990களில் பரவியது. ஜெர்மனியின் டில் டான்டாவ் எழுதிய டிக்ஸ், 2005க்குப் பிறகு மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. நார்வேக்காரரான ஷெல் மாக்னே ஃபவுஸ்கே 2000களின் பிற்பாதியில் எஸ்விஜி-டு-டிக்ஸ் கருவியை எழுதினார். எஸ்விஜி, இணையத்துக்கென 2001இல் தரப்படுத்தப்பட்ட வெக்டர் வடிவம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைமென்பொருளின் தாய்வடிவமும் அதுவே. இங்கும் தொடக்கப்புள்ளி இடது மேல் மூலை, இங்கும் தலைகீழாக்கவேண்டும். அலகிலும் பழைய தலைவலி திரும்பியது. இங்க்ஸ்கேப் 2017 வரை அங்குலத்துக்கு 90 படப்புள்ளி என்று கணக்கிட்டு, பிறகு 96க்கு மாறியது. பழைய கோப்பில் ஓர் அங்குலமாக இருந்த கோட்டைப் புதிய கணக்கில் அப்படியே படித்தால் 0.94 அங்குலம்தான் வரும். கோப்பு எந்தப் பதிப்பில் பிறந்தது என்று பார்க்காத மாற்றி, படத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். இன்னொரு குறையும் உண்டு: மனிதர் எழுதும் டிக்ஸ் கோப்பில் ‘இந்தப் பெட்டியின் வலப்பக்கத்தில் அந்தப் பெட்டி’ என்ற உறவு இருக்கும், கருவி எழுதுவதில் வெறும் ஆயங்கள். அச்சில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு பெட்டியை நகர்த்தவேண்டி வந்தால் அதோடு இணைந்த அம்பு கூடவே வராது.

தமிழ் எழுத்துக்கு இந்தப் பாதை தாமதமாகத்தான் திறந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே 1990ஐ ஒட்டி மெட்டாஃபான்ட்டில் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தார். ஒவ்வொரு தமிழ் எழுத்தும் அங்கே கட்டளைகளின் தொகுதி. அவினாஷ் சோப்டேவின் ஐட்ரான்ஸ், ரோமன் எழுத்தில் தட்டியதை அந்த எழுத்துருவுக்கு மாற்றிக்கொடுத்தது. அதாவது, படத்துக்கு ஒரு மாற்றி, எழுத்துக்கு ஒரு மாற்றி. படத்துக்குள் தமிழ் லேபிள் வேண்டுமென்றால் இரண்டையும் சரியான வரிசையில் ஓட்டவேண்டும். இரண்டாவது கருவி முதலாவது எழுதிய கட்டளைகளையும் ஒலிபெயர்ப்பு என்று நினைத்துத் தமிழாக்கிவிடாமல் காக்கவேண்டும். ஜோனதன் கியூவின் ஜீடெக் 2004இல் வந்து யூனிகோடை நேரடியாகப் படித்தபோது இந்தக் கூத்து ஓய்ந்தது. ‘கொ’ என்பதில் கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்துவைக்கும் பொறுப்பை ஜீடெக்கும் எழுத்துருவும் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. அதன்பின் மாற்றி செய்யவேண்டியது ஒன்றுதான்: தமிழ்ச் சரத்தைத் தொடாமல் கடத்துவது.

ஆனால் தமிழ் அச்சின் பெரும்பகுதி இந்தப் பக்கம் வரவேயில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்களிலும் வன்னியம்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களுக்கு வேலை செய்யும் டிடிபி கடைகளிலும் 1990கள் முதல் ஆட்சி செய்தவை பேஜ்மேக்கரும் கோரல்டிராவும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கோவில் கொடை போஸ்டர், மில் லேபிள் எல்லாம் கோரலில் வடிவமைத்து சிவகாசி ஆஃப்செட் அச்சகத்துக்குப் போகும். ஸ்ரீலிபி, வானவில் என்று ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றம். கடையில் உள்ள எழுத்துரு அச்சகத்தில் இல்லையென்றால் மணமகன் பெயர் அடையாளம் தெரியாத குறிகளாக மாறிவிடும். அதனால் ‘கர்வ் பண்ணி அனுப்புங்க’ என்பது தொழிலின் நிரந்தர வாசகமாயிற்று. கர்வ் செய்தால் எழுத்து எழுத்தாக இருக்காது, வளைகோடுகளாகிவிடும். எந்தக் கணினியிலும் அதே வடிவில் வரும். தேட முடியாது, திருத்த முடியாது. ஃபிக்-டு-டெவ் படத்துக்குள் இருந்த எழுத்தை மீட்டு எழுத்தாக்கியது; கோரலின் கர்வ் எழுத்தையும் படமாக்கியது. லித்தோ கல்லில் பெயரையும் புலியையும் சேர்த்து வரைந்த ஊருக்கு இது புதிய வழக்கமல்ல. அவசரத்துக்கு அது சரியான முடிவும்கூட. முகூர்த்த நாளுக்கு முன் பத்திரிகை வந்துசேர வேண்டும், அடுத்த பதிப்பு என்ற பேச்சே அதற்கு இல்லை.

பாடநூலுக்கும் ஆய்வேட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தாது. அவை திருத்தப்படுகின்றன, மறுபதிப்பாகின்றன, எழுத்துரு மாறுகின்றன. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் போன்ற நிறுவனங்களிலிருந்து வெளிவரும் ஆங்கில ஆய்வுக்கட்டுரைகள் லாடெக்கில் இருந்தாலும், தமிழில் எழுதப்படும் அறிவியல் நூல்களின் படங்கள் இன்னும் பெரும்பாலும் கர்வ் ஆன எழுத்தோடுதான் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது நூலின் உரைக்குப் பயன்பட்டது. படத்துக்குள் உறைந்த லேபிளை அது எட்டவில்லை.

இங்க்ஸ்கேப் 2010இல் வெளியிட்ட 0.48 பதிப்பில் ஒரு வசதி சேர்ந்தது. கோடுகளை ஒரு பிடிஎஃப் கோப்பாகவும் எழுத்துகளைத் தனி லாடெக் கோப்பாகவும் பிரித்துத் தரும். கட்டளைவரியிலிருந்தே இதைச் செய்யலாம். ஃபிக்-டு-டெவ் செய்துவந்த அதே பிளவு, அதே அடுக்கு. இதில் தமிழ் லேபிளை யூனிகோடில் தட்டி ஜீடெக்கில் ஓட்டினால், படத்தின் ‘அ’வும் நிரூபணத்தின் ‘அ’வும் ஒரே எழுத்துருவில் வரும். படம் முழுவதையும் டிக்ஸ் கட்டளைகளாக மாற்றுவதைவிட, தமிழ் நூலுக்கு இந்த நடுவழியே மேல். கோப்பு சிறிதாக இருக்கும், பிழை திருத்துபவருக்கு எழுத்து மட்டும் கண்ணில் படும்.

ஃபிக்-டு-டெவ் இன்றும் லினக்ஸ் விநியோகங்களில் கிடைக்கிறது. 1990களின் பிற்பாதியில் வகுக்கப்பட்ட 3.2 வடிவத்தில் சேமித்த படத்தை இன்றைய கருவி அப்படியே படித்து, அன்று பிறந்தேயிராத டிக்ஸ் மொழியில் எழுதித் தருகிறது. அதே ஆண்டுகளில் கோரலில் கர்வ் செய்து சேமித்த ஒரு தமிழ்ப் படத்தின் லேபிள்களை மாற்றவேண்டுமானால், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.